மேட்டுக்கொட்டாய்க்கு வளைந்த குழாய்

ஓய்வு பெற்றவர்களுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் யாரோ தவறிப்போயிருப்பார்கள், இல்லையென்றால் தணிக்கைக்காரர் வந்திருப்பார். போன வாரம் எனக்கு வந்த போன் இரண்டிலும் சேராது. பேசியது நந்தினி. நான் ஓய்வு பெறும் சமயத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த பெண். கெட்டிக்காரி, என்னைப் போலவே வாயும் கொஞ்சம் நீளம்.

"மேடம், பழைய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருக்கோம். மழை குறைஞ்சிட்டே போகுதுல்ல, அதுக்கு ஏத்த மாதிரி புதுசா பிளான் போடச் சொல்லிட்டாங்க. உங்க மெயின் லைன் ஒரு இடத்துல மட்டும் நேரா போகாம கரட்டு மேல ஏறி, ஒரு சின்ன ஊரைத் தொட்டுட்டு இறங்குது. சாஃப்ட்வேர் அதைத் தப்புன்னு சிவப்புல காட்டுது. ஃபைல்ல பாறை குறுக்கிட்டதா எழுதியிருக்கு. சாட்டிலைட் படத்துல பார்த்தா அங்க வெறும் மாந்தோப்புதான் இருக்கு. பாறை எங்க மேடம் போச்சு?"

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஊருக்கு ஒரு தடவை நேர்ல போய்ட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்று போனை வைத்தேன். வைத்த பிறகு சிரித்தேன். பாறையைத் தேடிப் போகிற இன்ஜினீயரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் பாறைதான் எங்களைத் தேடி வரும்.

நான் மத்தூர்க்காரி. சேலத்தில் படித்தேன், குடிநீர்த் துறையின் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஸ்கேலை எப்படிப் பிடிப்பது, மேலதிகாரி வந்தால் எப்படி எழுந்து நிற்பது, ஆண்கள் மட்டுமே இருக்கிற ஆபீசில் கழிப்பறைச் சாவியை எப்படிக் கேட்டு வாங்குவது. ஊருக்கெல்லாம் தண்ணீர் திட்டமிடுகிற எங்கள் கட்டடத்தில் குழாயில் தண்ணீர் வராது. தினமும் ஒரு ஆள் பிளாஸ்டிக் கேனில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அதைப் பற்றி யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் செயற்பொறியாளர் தணிகாசலம் சார். ஆபீசில் எல்லோருக்கும் அவர் ஈ.ஈ. சார். மெதுவான குரல், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா. அந்தப் பேனாவுக்கு 'வறட்சி' என்ற சொல்லே ஆகாது. நாங்கள் வறட்சி என்று எழுதிக்கொண்டு போனால் அடித்துவிட்டு 'பருவமழைப் பற்றாக்குறை' என்று எழுதுவார். 'காய்ந்துபோன போர்' என்று எழுதினால் அது 'தற்சமயம் நீர் தராத ஆழ்துளைக் கிணறு' ஆகிவிடும். தற்சமயம் என்பது எத்தனை வருடம் என்று ஒருமுறை கேட்டேன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார்.

மழைக் கணக்கில் அவர் கைகாரர். மழை குறைந்த வருடங்களை 'விதிவிலக்கான ஆண்டு' என்று ஒதுக்கிவிடச் சொல்வார். மிச்சமிருக்கிற நல்ல வருடங்களை வைத்துச் சராசரி போடுவோம். விதிவிலக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. சராசரி மட்டும் அசையவில்லை. வெளியே மாமரங்கள் காய்ந்து நிற்கும், எங்கள் ஃபைலுக்குள் குடை இல்லாமல் நடக்க முடியாது.

இன்னொரு விஷயம், அவர் வாயால் எதையும் உறுதியாகச் சொல்லவே மாட்டார். "பார்க்கலாம்", "எழுதி வைங்க", "மேல கேட்போம்." இந்த மூன்றை வைத்தே சர்வீஸை ஓட்டியவர். சொல்லாத வார்த்தைக்கு யாரும் பொறுப்புக் கேட்க முடியாது என்பது அவர் கணக்கு. அதைக்கூட நேராகச் சொன்னதில்லை, நானாகப் புரிந்துகொண்டதுதான்.

தூரத்து ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வந்தபோது எந்தெந்த ஊரைச் சேர்ப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தோம். அதற்கொரு முறை இருந்தது. ஊரில் என்ன போர் இருக்கிறது, தொட்டி இருக்கிறது என்று பார்ப்பது, ஒரு டிரம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து அளப்பது, கடைசியாக ஜனங்களைக் கேட்பது. கேட்கவே வேண்டியதில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் ஊரிலிருக்கிற காலிக் குடமெல்லாம் ரோட்டில் வரிசையாக வந்து நின்றுவிடும். பாதிக் குடம் தண்ணீர் வைத்திருக்கிற வீட்டுக்காரி அதைக் கொட்டிவிட்டுக்கூட வருவாள். ஆபீசர்களுக்கும் இது தெரியும். அதனால் 'சுத்தமா தண்ணி இல்லை' என்றால் 'ஓரளவு உண்டு' என்று எழுதுவோம். 'ஓரளவு' என்றால் 'போதுமானது' என்று எழுதுவோம். புலம்பலைச் சந்தேகப்பட எங்களிடம் ஏகப்பட்ட வழி இருந்தது. ஒரு ஊர் திருப்தி என்று சொன்னால் அதைச் சந்தேகப்பட வழியே இல்லை. எந்த ஊரும் அப்படிச் சொன்னதில்லை, மேட்டுக்கொட்டாயைத் தவிர.

ஊரின் நிஜப் பெயர் இது இல்லை. அங்கே இன்னும் கல்யாணங்கள் நடக்க வேண்டியிருக்கிறது, அதனால் மாற்றிச் சொல்கிறேன். கரட்டின் மேல், கல்லும் முள்ளுமான குன்றின் மேல், சின்ன ஊர். தமிழ் பாதி, தெலுங்கு பாதி. கொஞ்சம் ராகி, கொஞ்சம் மாமரம். பையன்களெல்லாம் ஓசூர்க் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறார்கள். கையில் சம்பளம் இருந்தது, வாசலில் பைக் இருந்தது, பொண்ணு கொடுக்கத்தான் ஆள் இல்லை. "தண்ணி இல்லாத கரட்டுக்கா எம் பொண்ணைக் குடுப்பேன்?" என்று வருகிறவர்களெல்லாம் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். மாப்பிள்ளைப் பையன்களுக்கு முன்தலை வழுக்கை ஏறிக்கொண்டிருந்தது.

நாங்கள் போன அன்றைக்கு அந்த ஊரில் ஒரு சமாச்சாரம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்களைப் போலவே நீங்களும் முழிப்பீர்கள். திம்மராயன் என்பவரின் மகன் முனிராஜுக்குப் பாரூரில் ஒரு பெண் ஏறக்குறையப் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண்வீட்டார் அன்று மத்தியானம் வருகிறார்கள். பாரூர்க்காரர்கள் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள், தண்ணீரைத் தவிர வேறெதையும் கேட்காதவர்கள். ஆகவே மாம்பழக்கூழ் ஆலைக்குப் போகிற டேங்கர் ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி மடக்கி, ஊர்த் தொட்டியை நிரப்பி, டேங்கரைப் புளியமரங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். ஊர் மொத்தமும் இதில் கூட்டு.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஜீப் கரடு ஏறியது. வெள்ளைச் சட்டையில் ஈ.ஈ. சார். பக்கத்தில் நான், காலையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு அப்படியே வந்ததால் பட்டுப்புடவையில்.

ரோட்டில் ஒரு குடம்கூட இல்லை. அதிலேயே எனக்கு மனசு கொஞ்சம் நெருடியது. பெருக்கிக் கோலம் போட்ட வாசல். குழாயடியில் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் அதட்டவில்லை. திம்மராயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க வாங்க! வழி எல்லாம் சவுகரியமா இருந்துதுங்களா?"

இருபது கிலோமீட்டர் ஜீப்பில் குலுங்கி வந்தவரை அப்படி யாராவது கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? ஈ.ஈ. சார் பந்தலின் கீழ் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. "டிபார்ட்மென்டுக்கு மரியாதை தெரிஞ்ச ஊர்" என்று என் பக்கம் குனிந்து சொன்னார். ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, அவர் கையைக் கழுவிக்கொண்டு கேசரியை எடுத்து வாயில் போட்டார்.

அவ்வளவுதான், வாசலில் நின்ற பெண்களின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கை நனைச்சிட்டாங்க!" என்று ஒருத்தி உள்ளே ஓடினாள். எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பிடித்தால்தான் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். ஈ.ஈ. சார் இரண்டாவது தடவையும் கேசரி வாங்கிக்கொண்டார்.

"ஊர்ல தண்ணி எல்லாம் எப்படிங்க?" என்று கேட்டார் வாயில் கேசரியோடு.

"தண்ணிக்கு என்னாங்க குறைச்சல்? கரட்டு மேல இருக்கோம்னுதான் பேரு. போரைப் போட்டா பீச்சி அடிக்குது. கோடையிலயும் வத்தாதுங்க."

"கோடையிலயும்?"

"எம் மவன் மேல சத்தியமா!"

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள் என் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க பொண்ணுக்கு அத்தைங்களா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "நாங்க குடிநீர் ஆபீசுங்க" என்றேன். அவள் எழுந்து போய் திம்மராயன் காதில் சொன்னாள். எனக்குத் தெலுங்கு தெரியும். "வீள்ளு வாள்ளு காது!" இவர்கள் அவர்கள் இல்லை! ஏற்கனவே கறுத்த திம்மராயன் முகம் இன்னும் கறுத்தது. அவருடைய கண்கள் முதலில் காலிக் குடங்களை அடுக்கியிருந்த கொட்டகைக்குப் போயின, பிறகு ஈ.ஈ. சாருக்கு. வாயைத் திறந்தார்.

அந்த நிமிஷம் பார்த்து கரட்டில் வெள்ளைக் கார் ஏறி வந்தது. பாரூர் சின்னசாமி, அவருடைய அண்ணன்தம்பிகள், தட்டில் பூ, பழம். திறந்த வாயைத் திம்மராயன் அப்படியே மூடிக்கொண்டார்.

சின்னசாமி நல்ல உயரம், வெள்ளை மீசை, பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. செருப்பைக் கழற்றியதுமே, "ஏங்க, இந்த மேட்டுல தண்ணிக்கு என்னா பண்றீங்க?" என்றார்.

ஆள் மாறிப்போனதே ஈ.ஈ. சாருக்குத் தெரியாது. ஃபைலை மூடும் முன்பு முறைப்படி ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் வழக்கம். எழுந்து நின்று, "அப்போ ஊர்ல தண்ணிக்கு எந்தக் குறையும் இல்லை, கூட்டுக் குடிநீர் உங்களுக்குத் தேவையில்லை, சரிதானுங்களே?" என்றார்.

திம்மராயன் என்னைப் பார்த்தார். நான் இன்றுவரை மறக்காத பார்வை அது. ஒரு பக்கம் ஊருக்கு வருகிற குழாய், இன்னொரு பக்கம் மகனுக்கு வருகிற பெண். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேவையில்லைங்க" என்றார்.

சின்னசாமி ஈ.ஈ. சார் பக்கம் திரும்பி, "நீங்க யாருங்க?" என்றார். யார் என்று தெரிந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "நெசமாவே இங்க தண்ணி இருக்குதுங்களா? எம் பொண்ணு வாழ வர்ற ஊரு. நீங்க சொன்னா சரி" என்றார்.

அவர் வழக்கம்போலப் பார்க்கலாம் என்றோ மேலே கேட்போம் என்றோ சொல்லியிருக்கலாம். கேசரி வயிற்றில் இருந்தது, ஊரே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. "பெரியவரே, தைரியமா குடுங்க. தண்ணிக்கு நான் கேரண்டி" என்று சொல்லிவிட்டார்.

சின்னசாமி செம்பை வாங்கிக் கை நனைத்தார்.

ஜீப்பில் இறங்கும்போதே நான் சொல்லிவிட்டேன். "சார், அது பொண்ணு வீட்டுக்காரங்களுக்காகப் போட்ட வேஷம். புளியமரத்துக்குப் பின்னால டேங்கர் நிக்குது, இப்பதான் பார்த்தேன்." அவர் வெளியே மாமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஜனங்க வாயால சொல்லிட்டாங்கம்மா. நம்ம என்ன பண்ண முடியும்?" என்றார். இல்லை இல்லை என்று வாய்விட்டு அழுத ஊர்களின் வாயை என்றைக்கும் நம்பாத மனுஷர் இவர்! எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆபீஸ் இருந்த கிருஷ்ணகிரி வரைக்கும் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. திட்டத்தில் மேட்டுக்கொட்டாய் 'தன்னிறைவு பெற்ற குடியிருப்பு' ஆனது. மெயின் லைன் கரட்டின் அடிவாரத்தோடு நேராகப் போவதாக வரைபடம் போட்டு மேலே அனுப்பினோம்.

வெயில் ஏறி மாங்காய் வந்த நேரம், ஆபீசுக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. வெளியே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முனிராஜ். அவள் மஞ்சுளா, சின்னசாமியின் பெண்.

"சார், நான் பாரூர் சின்னசாமி பொண்ணு. மேட்டுக்கொட்டாய்க்கு வாக்கப்பட்டு வந்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. மனு இருந்தா வெளிய தபால் மேஜையில குடுத்துட்டுப் போங்க."

"மனு எதுக்குங்க சார்? எங்கப்பாகிட்ட நீங்க மனுவுலயா சொன்னீங்க? வாயாலதானே சொன்னீங்க. உங்க பேச்சை நம்பித்தான் அவரு கை நனைச்சாரு."

ஈ.ஈ. சாரின் பேனா நின்றது. அவருடைய சர்வீஸில் அவர் சொன்ன வார்த்தையை அவரிடமே யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. சொன்னால்தானே?

"எம் மாமனார் பொய் சொன்னது தப்புதான், நான் சண்டை போட்டுட்டேன். அது எங்க வீட்டு விவகாரம். நீங்க சர்க்காருங்க. நீங்க எப்படிச் சொல்லலாம்? தினமும் கரடு இறங்கி மாந்தோப்புப் போருக்குப் போறேன். தோட்டக்காரர் மனசு வெச்சா ஒரு குடம், இல்லைன்னா அதுவும் இல்லை. சரி, சுமக்கறேன். ஆனா ஆடிக்கு அழைக்க எங்கப்பா வருவாரு. வந்து பார்த்தாருன்னா ஆடி முடிஞ்சும் என்னை அனுப்ப மாட்டாரு." வெளியே நின்றவனை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு அவருகூட வாழணும் சார். அந்த ஊரு வேண்டாம்னு நான் சொல்லலை."

நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உடனே எல்லாம் குழாய் வராதும்மா" என்றார் ஈ.ஈ. சார். அவர் வாயிலிருந்து நேரான வாக்கியம் வந்ததே ஆச்சரியம்.

"வரும்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கப்பாவை நான் பார்த்துக்கறேன்."

அவர் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒப்புதலான திட்டத்தில் புதிதாக ஒரு ஊரைச் சேர்ப்பது லேசில் நடக்காது. தன்னிறைவு பெற்றதாக நாமே எழுதிய ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால், முதலில் எழுதியவன் யார் என்ற கேள்வி வரும். எழுதியவர் ஈ.ஈ. சார். ஆனால் குழாய் போகும் வழியை மட்டும், தொழில்நுட்பக் காரணம் இருந்தால், கோட்ட அளவிலேயே மாற்றலாம். வரைபடத்தை விரிக்கச் சொன்னார். அடிவாரத்து மாந்தோப்பின் மேல் விரலை வைத்தார்.

"இங்க பாறை வந்துடுச்சுல்ல?"

"எங்க சார்? நான் நடந்து பார்த்திருக்கேன், மண்ணுதான்."

"நம்ம ஜில்லாவுல பாறை இல்லாத இடம் எதும்மா இருக்கு? நல்லாத் தேடிப் பாருங்க." பச்சைப் பேனாவை எடுத்து, அடிவாரத்திலிருந்து கரட்டின் மேல் ஒரு கோடு ஏற்றி, ஊரைத் தொட்டு இறக்கினார். "வழியில ஊர் இருந்தா ஒரு குழாய் குடுக்கறது வழக்கம்தானே" என்று தானே சொல்லிக்கொண்டார். எந்தப் பஞ்சத்தையும் பஞ்சம் என்று எழுதாத பேனா, இல்லாத பாறையை இருப்பதாக எழுதியது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பிடிக்கவில்லை, ஆபீசாச்சே.

குழாய் வருகிற வரைக்கும் மஞ்சுளா அப்பாவை ஊருக்குள் விடவே இல்லை. ஆடியோ தீபாவளியோ, மத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து, அங்கேயே பார்த்துப் பேசி, அவரோடு பஸ் ஏறிவிடுவாளாம். "மாப்பிள்ளை வீட்டுக்கு வர்ற வழியே எனக்கு மறந்துபோச்சு" என்று சின்னசாமி குறைப்பட்டுக்கொள்வாராம். கடைசியில் தண்ணீர் வந்தது. அவர் வந்து வீட்டு வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு, "பாரு, சர்க்கார் ஆபீசர் அன்னிக்கே சொன்னாரு, பொய்யாகல" என்றாராம். மஞ்சுளாவே பிறகு என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. ஈ.ஈ. சார் இப்போது இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, விதிவிலக்கான வருடங்களே வழக்கமாகிவிட்டன. மேட்டுக்கொட்டாயின் போர்கள் எல்லாம் 'தற்சமயம்' நீர் தருவதில்லை. அந்த ஒரு குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீரில்தான் ஊர் ஓடுகிறது. அதனால்தான் நந்தினியை நேரில் போகச் சொன்னேன்.

நேற்று அவள் மறுபடி கூப்பிட்டாள். குரலில் உற்சாகம்.

"மேடம், போய்ட்டு வந்துட்டேன். அந்த வளைவை எடுத்துடலாம். அவங்களுக்கே நம்ம தண்ணி தேவையில்லையாம். போர்ல பீச்சி அடிக்குதுன்னு ஊரே சொல்லுது. மஞ்சுளான்னு ஒரு அம்மா, அவங்கதான் முன்னால நின்னு பேசினாங்க. என்ன உபசாரம்ங்கறீங்க! சாப்பிடாம விடமாட்டேன்னுட்டாங்க."

"கேசரியா?"

"ஆமாம் மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல வேற வண்டி ஏதாவது நின்னுதா?"

"ஒரு வேன் நின்னுச்சு. பட்டுப்புடவை கட்டின பொம்பளைங்க, பூத்தட்டு. அந்தம்மாவோட கொழுந்தனுக்கு ஏதோ விசேஷமாம். கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மேடம், தண்ணிக்குக் குறை வராதுன்னு அவங்க காதுல விழற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க'ன்னாங்க. நல்ல அம்மாவா இருக்காங்களேன்னு..."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஏன் மேடம்?"

"நீ சொன்னதுக்கு அப்புறம் அவங்க கை நனைச்சாங்களா?"

நந்தினி கொஞ்சம் யோசித்தாள். "ஆமாம், பெரியவர் ஒருத்தர் செம்பு வாங்கிக் கை கழுவிட்டுத்தான் உட்கார்ந்தாரு."

"அப்போ பாறை அங்கேயேதான் இருக்கு" என்றேன். "கம்ப்யூட்டர்ல ஏத்திக்கோ."